'கூவு' - ஒரு வினைச்சொல்லின் வரலாறு

ஓசையைப் பின்பற்றிப் பிறந்த சொற்கள் எல்லா மொழியிலும் உள. அவற்றுட் பெரும்பாலன பிறந்த நிலையிலேயே நின்றுவிடுகின்றன. சலசல, கடகட, நெறுநெறு போல்வன 'என' என்னும் இடைச்சொல்லின் துணையின்றி வாக்கியத்துள் நுழைவதும் அரிது. ஒருசிலவே பெயராகவும் வினையாகவும் வேரூன்றி, கிளைகள் பல விட்டு, காலப்போக்கில் தம் பிறப்பையே மறந்துவிடுகின்றன. ஒருவரை 'இங்கே வா' என்று நாம் கூப்பிடும்போது, நம் வாயில் ஒரு பறவையின் குரல் இருக்கிறது என்பதை எண்ணுவாரில்லை. கூப்பிடு என்பதன் முதலாகிய 'கூ', 'கூவு' என்பதன் வரலாற்றை இலக்கியச் சான்றும் இனமொழிச் சான்றும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்குத் திருவில்லிபுத்தூரையும் இராசபாளையத்தையும் களமாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. விருதுநகர் மாவட்டத்தில், மேற்குமலைத் தொடரின் அடிவாரத்தில், ஒரே இருப்புப்பாதையில் அடுத்தடுத்து அமைந்தவை இவ்வூர்கள். முன்னது பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர். குயிலை முன்னிலைப்படுத்திப் பத்துப் பாசுரங்களும் பயன்கூறும் பாசுரம் ஒன்றுமாக ஆண்டாள் பாடிய நாச்சியார் திருமொழி ஐந்தாம் திருமொழி, கூவு என்னும் வினையின் பொருளாராய்ச்சிக்கு வேறெங்கும் கிடைத்தற்கரிய இடம். பின்னது தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இராசாக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ஊர். தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் வழங்கும் அங்கே, கோழி கூவுவதற்கு இரு மொழியிலும் ஓரடிச் சொல்லே உண்டு. மனிதரை அழைப்பதற்கோ வெவ்வேறு சொற்கள். கோதையின் வரலாற்றைப் பொருளாகக் கொண்டு, 1509 முதல் 1529 வரை ஆண்ட கிருட்டிணதேவராயர் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' இயற்றினார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. வில்லிபுத்தூருக்கும் தெலுங்கிற்கும் உள்ள உறவு நேற்றையதன்று.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்தல் வேண்டும். ஒலிக்குறிப்புச் சொற்களைக் கொண்டு மொழியுறவை நிறுவ இயலுமா? இயலாது என்பதே மொழிநூலார் பலர் கொள்கை. காக்கை எங்கும் 'கா' என்றே கரைகிறது. ஆதலின் இரு மொழிகளில் அதன் பெயர் ஒத்திருப்பது காக்கையின் ஒருமையைக் காட்டுமேயன்றி மொழிகளின் ஒருமையைக் காட்டாது. விலங்கொலி பறவையொலிகளிலிருந்தே மொழி பிறந்தது என்ற கொள்கையை மாக்சுமுல்லர் 1861ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் 'பவ்-வவ் கொள்கை' என எள்ளி நகையாடினார். சசூர், 1916இல் வெளிவந்த தம் நூலில், இத்தகைய சொற்கள் மொழியின் ஓரத்தில் நிற்பன என்றார். எனினும் அவரே ஒன்று குறித்துச் சென்றார். பறவைக்குஞ்சின் ஒலியினின்று பிறந்த இலத்தீன்ச் சொல் 'பீப்பியோ', ஒலிமாற்றங்களுக்கு உட்பட்டுப் பிரெஞ்சில் புறாவைக் குறிக்கும் 'பிழோன்' ஆயிற்று. இன்று அதில் எந்தப் பறவையின் குரலும் கேட்பதில்லை. அஃதாவது, ஒலிக்குறிப்பாய்ப் பிறந்த சொல்லும் ஒருமுறை மொழிக்குள் புகுந்துவிட்டால் ஏனைய சொற்களுக்குரிய விதிகளுக்கே அடங்குகிறது.

இந்தியப் பரப்பு மொழிகளின் ஒலிக்குறிப்புச் சொற்களைத் தொகுத்து எமனோ 1969இல் எழுதிய கட்டுரை, திராவிட மொழிகளும் வடநாட்டு மொழிகளும் இவ்வகையில் பெரிதும் ஒத்துச் செல்வதைக் காட்டிற்று. அவ்வொப்புமை எவரிடமிருந்து எவர் பெற்றது என்று வழக்காடுவோர் இருசாராரும் உளர். வடமொழியில் 'கூஜ்' என ஒரு வினை உண்டு. அதுவும் பறவை கூவுதலையே குறிக்கும். அதனைக் காட்டித் தமிழ்க் கூவு வடமொழியினின்று வந்தது என்பாரும், தமிழிலிருந்து அது சென்றது என்பாரும் வெற்றோசையையே சான்றாகக் காட்டுகின்றனர். ஓசையை மட்டும் நம்பினால் உக்கிரேனியரையும் தமிழர் உறவாக்க வேண்டிவரும். அவர் மொழியில் குயிலினப் பறவை கூவுவதற்கு வினை 'குவாத்தி' என்பது. அதன் அடி 'குவ'. இதனைக் கண்டு மகிழ்ந்து பழந்தமிழர் கருங்கடல்வரை சென்றதாக எழுதப்புகுவார் எவரேனும் இருப்பின், அவரைத் தடுத்தற்கே இலக்கணம் இருக்கிறது.

இலக்கணம் கூறுவது யாது? தொல்காப்பியர் இரட்டைக்கிளவியைக் கிளவியாக்கத்தில் வைத்து, அது தன் இரட்டைத் தன்மையினின்று பிரிந்து நில்லாது என்றார். ஒலிக்குறிப்பின் இளமைநிலை அது. திருப்பாவை ஏழாம் பாசுரத்தில் ஆனைச்சாத்தன் என்னும் பறவையின் பேச்சுக்கு ஆண்டாள் 'கீசுகீசு' என்னும் இரட்டைக்கிளவியை ஆள்கிறார். கீசு என்பதற்குக் காலமில்லை, இடமில்லை. செவியிற் பட்ட ஓசை ஏட்டில் இறங்கியிருக்கிறது, அவ்வளவே. பதினெட்டாம் பாசுரத்திலோ கோழி அழைத்தலையும் குயிலினம் கூவுதலையும் அஃறிணைப் பன்மை இறந்தகால வினைமுற்றுகளால் கூறுகிறார். கூவு என்பது திணையும் எண்ணும் காலமும் ஏற்று, 'அழை' என்னும் பொதுவினையோடு ஒரு வரிசையில் நிற்கிறது. ஒரே நூலில், பதினோரு பாசுர இடைவெளியில், ஒலிக்குறிப்பின் இளமையும் முதுமையும் காணக் கிடைக்கின்றன.

அம்முதுமைக்கு இனமொழிகள் சான்று பகர்கின்றன. பண்டைத் தமிழில் இவ்வினையின் அடி 'கூ' என்பதே. அதன் இறந்தகால எச்சம் 'கூஉய்' என அளபெடையோடும் 'கூய்' என அளபெடையின்றியும் வழங்கிற்று. போ என்பது போய் எனவும் ஆ என்பது ஆய் எனவும் வருதலை இதனோடு ஒப்பிடுக. பிற்காலத்தே வகரம் பெற்றுக் கூவு, கூவி என்றாயிற்று. இனிக் கன்னடத்தைக் காண்போம். அங்கே இவ்வினை 'கூகு'. தமிழ்ப் போ, ஆ என்பவற்றிற்குக் கன்னடத்தில் ஹோகு, ஆகு என்பன நேராதலின், கூ என்பதற்குக் கூகு நேராதல் விதிவழிப்பட்டதே. மலையாளத்திற் கூவு, கூகு என இரண்டும் உள. ஆண்டுப் புகைவண்டியும் 'கூகும்'. தெலுங்கில் இவ்வினை 'கூயு'. இதன் இறந்தகாலம் 'கூசிந்தி', அஃதாவது கூவிற்று. தமிழ்ச் செய் என்பதற்கு நேரான சேயு என்பது சேசிந்தி ஆகிறது. கொய் என்பதற்கு நேரான கோயு, கோசிந்தி ஆகிறது. மேய் என்பதற்கு நேரான மேயு, மேசிந்தி ஆகிறது. செய்தலிலும் கொய்தலிலும் எந்தப் பறவையின் ஓசையும் இல்லை. அவை திரிந்த நெறியிலேயே கூயு என்பதும் திரிந்திருக்கிறது. பறவையைக் கேட்டு அவரவர் தனித்தனியே படைத்த சொற்களாயின், இவ்வாறு நான்கு மொழிகளின் வினைத்திரிபு வாய்பாடுகளுக்குள் ஒழுங்குற அமைந்திரா. பரோ, எமனோ இருவரும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதி இவ்வினைகளை ஒரு குடும்பமாக வைத்தது. வைத்தற்குரிய வலுவான காரணம் இவற்றின் ஓசை ஒப்புமையில் இல்லை. வினைத்திரிபு ஒப்புமையில் இருக்கிறது.

இதற்கு மறுதலையான சான்றும் அருகிலேயே இருக்கிறது. இராசபாளையத்து வேட்டைநாய் பெயர்பெற்றது. 2005ஆம் ஆண்டு இந்திய அஞ்சல்துறை அதன் உருவோடு அஞ்சல்தலையும் வெளியிட்டது. அந்நாய் தமிழில் குரைக்கும், தெலுங்கில் 'மொரகும்', கன்னடத்தில் 'பொகளும்'. நாய் ஒன்றே, ஒலியும் ஒன்றே, சொற்கள் வேறு. ஒரே ஓசையைக் கேட்பவர் ஒரே சொல்லைப் படைப்பர் என்னும் கருத்து இங்கே தகர்கிறது.

வினை இவ்வாறு ஒழுங்குடன் நிற்க, பறவைப் பெயர்களோ ஒழுங்கின்றி அலைகின்றன. குயில் என்பது தமிழிலும் மலையாளத்திலும் குயிலே, கன்னடத்தில் கோகிலே, தெலுங்கில் கோயில. பின்னிரண்டும் வடமொழிக் கோகிலத்தோடு கலந்து உருமாறியிருத்தல் கூடும். தமிழில் குயில் என்பது வினையாகவும் நின்று, இசைத்தலைக் குறித்தது. இசைக்கருவி வாசிப்போர் குயிலுவர் எனப்பட்டதைச் சிலப்பதிகாரம் பயின்றார் அறிவர். கூய் என்னும் அடி, உயிர்முதலாகிய ஈறு பெற்றபோது முதல் குறுகிக் குயில் ஆயிற்று எனக் கொள்ள இடமுண்டு. ஆறு என்பது அறுபது ஆகும்போதும், ஏழு என்பது எழுபது ஆகும்போதும் முதல் குறுகுதலை நோக்குக. தெலுங்கு வினையடிகளில் இத்தகைய நெடில் குறில் மாற்றத்தைக் கிருட்டிணமூர்த்தி 1955இல் விரிவாக ஆராய்ந்துள்ளார். எனினும் கூவுக்கும் குயிலுக்கும் உள்ள உறவை, கூவுக்கும் கூயுவுக்கும் உள்ள உறவைப்போல அறுதியிட்டு உரைத்தல் தகாது.

கூகையின் நிலை இன்னும் வேடிக்கையானது. தமிழில் கூகை, கன்னடத்தில் கூகே, கூபே, தெலுங்கில் கூப. தமிழ் நீங்கலாக ஏனையவற்றின் முதலெழுத்து மெல்லோசையுடைய ககரம். வடமொழியிலும் 'கூக' என்றே ஒரு பெயர் உண்டு. அதன் முதலெழுத்து அழுந்தி ஒலிப்பது. இவற்றை ஒரு விதிக்குள் அடக்க முயல்வது வீண்வேலை. கூகையின் குரலை ஒவ்வொரு தலைமுறையும் இரவுதோறும் கேட்கிறது. கேட்டவாறே அதன் பெயரையும் திருத்திக்கொள்கிறது. வினைச்சொல்லோ பறவையை விட்டு நீங்கி மனிதரிடம் வந்துவிட்டமையால், அதனைத் திருத்தப் பறவைக்கு உரிமையில்லாது போயிற்று. தொல்காப்பிய மரபியல், 'அளகு' என்னும் பெண்பாற்பெயர் கோழிக்கும் கூகைக்கும் உரியது என்று இவ்விரு பறவைகளையும் இணைத்துக் கூறும். புறநானூற்று 364ஆம் பாட்டுத் தாழி புதைத்த காட்டைக் கூறுமிடத்துக் கூகைக்கோழி என இரண்டையும் ஒரு பெயராக்க, அத்தொடரே பாடிய புலவருக்கும் பெயராகிக் கூகைக்கோழியார் என நின்றுவிட்டது. தன் பெயரிலேயே கூவுதலைச் சுமக்கும் இப்பறவை, மரபுச்சொல் வகுத்தோர் கையிற் பட்டபோது கூவும் உரிமையை இழந்தது. குயில் கூவும், கூகை குழறும் என்பதன்றோ நாம் மாணவர்க்குப் பயிற்றும் பாடம்!

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். 'கூ' எனத் தொடங்கும் சொல்லெல்லாம் இக்குடும்பத்தன அல்ல. நீர்நிலையைக் குறிக்கும் கூவல், வில்வத்தைக் குறிக்கும் கூவிளம், கைகூப்புதலில் வரும் கூப்பு ஆகியவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கைகூப்பு என்பது குவிதல், கூம்புதல் என்பவற்றின் இனம். சொற்பிறப்பு ஆராயும் மாணவர் சிலர் எழுத்தொப்புமை கண்டவுடன் துள்ளுகின்றனர். பொருள் ஒவ்வாத இடத்து வலிந்து ஒரு கதை கட்டுகின்றனர். கூவல் என்னும் கிணற்றுக்குள் குனிந்து கூவினால் எதிரொலி கேட்கும், ஆதலின் அப்பெயர் பெற்றது என்பது போன்ற விளக்கங்கள் கேட்க இனியன, ஆராய்ச்சிக்கு ஆகாதன.

இனிப் பொருள் வரலாற்றிற்கு வருவோம். பறவை எழுப்பும் ஓசை என்னும் பொருளிலிருந்து ஒருவரை வரவழைத்தல் என்னும் பொருளுக்குக் கூவு மாறியது ஆண்டாள் காலத்துக்கு முன்னரேயாம். சிலப்பதிகாரக் கொலைக்களக் காதையில், பொற்கொல்லன் சொற்கேட்ட பாண்டியன் ஊர்காப்பாளரை வரவழைக்குமிடத்தில் இளங்கோவடிகள் ஆளும் வினை கூவு என்பதே. அங்கே அரசன் கத்தினான் என்று எவரும் பொருள் கொள்ளார். ஆணையிட்டு அழைத்தான் என்றே கொள்வர். கோவலன் உயிரைக் கொண்ட அவ்வழைப்பில், கூவு என்பது பறவையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது.

ஆண்டாளின் சிறப்பு யாதெனின், பிரிந்த இரு பொருளையும் அவர் மீண்டும் ஓரிடத்தில் சேர்த்தமையே. ஐந்தாம் திருமொழியில் குயிலை விளித்து, தம் தலைவன் 'வர'க் கூவுமாறு ஏவுகிறார். வர என்னும் செயவெனெச்சம் கூவு என்பதனோடு இயைந்து நிற்றலை உற்றுநோக்குதல் வேண்டும். குயில் கூவுதல் அதன் இயல்பு. அதற்கு ஏவல் வேண்டா. 'வர' என்பது முன்வந்தவுடன் கூவு என்பது 'அழை' என்னும் பொருளை மேற்கொள்கிறது. ஆயின் கூவுவது குயிலாதலின் முதற்பொருளும் நீங்கவில்லை. குயிலின் ஓசையையே தூதுமொழியாக்கும் இச்சொல்லாட்சி கூவு என்னும் வினைக்கன்றி வேறு வினைக்கு வாய்க்காது. 'அழை' என்றால் குயில் மறையும். 'அகவு' என்றால் மயிலாகும். அவ்வாறு கூவினால் தம் கிளியோடு குயிலுக்கு நட்புச் செய்விப்பதாகக் கூறுகிறார். அவனை வரக் கூவுக, அல்லது தாம் இழந்த வளையைக் கொணர்ந்து தருக, இரண்டில் ஒன்று செய்க என்கிறார். பத்தாம் பாசுரத்தில், கூவாயாயின் இவ்விடத்தினின்று துரத்துவேன் என அச்சுறுத்தவும் செய்கிறார். நட்பும் பேரமும் சினமும் ஒரு வினைச்சொல்லைச் சுற்றியே நிகழ்கின்றன. இத்திருமொழியிற் கூவு என்பதற்கு 'ஒலி செய்' என்று மட்டும் பொருளெழுதும் எளிய உரைகள் பாட்டின் உயிரையே விட்டுவிடுகின்றன என்பது எம் துணிபு.

இதற்கு நேர்மாறான காட்சி நற்றிணை 83ஆம் பாட்டில் இருக்கிறது. பெருந்தேவனார் பாடியது அது. தலைவன் இரவில் வருதலை விரும்பித் துயிலாது காத்திருக்கும் வேளையில், ஊர்வாயில் மரத்துக் கூகை கேட்டார் அஞ்ச ஒலிக்கிறது. தோழி அதனை விளித்து, ஊன் கலந்த நெய்ச்சோறும் வெள்ளெலிச் சூட்டிறைச்சியும் தருவோம், அச்சம் தரும் குரலை எழுப்பாதே என வேண்டுகிறாள். வருகின்ற தலைவனுக்காகக் கூகை வாய்மூட வேண்டும். வாராத தலைவனுக்காகக் குயில் வாய்திறக்க வேண்டும். ஆண்டாள் பாசுரத்தில் அகமரபு தலைகீழாகத் திரும்பியிருத்தலை இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் பயில்வோர் உணர்வர்.

மாணிக்கவாசகரின் குயிற்பத்திலும் வரக் கூவுமாறு குயிலை ஏவும் அதே தொடரமைப்பு உண்டு. சைவ வைணவப் பாடல்கள் இரண்டிலும் இது பயிலுதலின், அக்காலத் தமிழில் நிலைபெற்ற வழக்கு எனக் கொள்ளலாம். பத்தி இலக்கியம் இவ்வினையை வேறொரு திசையிலும் செலுத்திற்று. திருவாய்மொழி ஆறாம் பத்தில், உலகளந்த திருவடிக்குத் தம்மைக் 'கூவிக்கொள்ளும்' காலம் இன்னும் நெருங்காதா என நம்மாழ்வார் ஏங்குகிறார். திருவாசகத்திலும் கூவிப் பணிகொள்ளுதல் என்னும் ஆட்சி உண்டு. ஆண்டாள் பாட்டில் அடியார் பக்கமிருந்து இறைவனை நோக்கிச் செல்லும் கூவுதல், இங்கே இறைவனிடமிருந்து அடியாரை நோக்கி வருகிறது. பாண்டியன் காவலரைக் கூவிய அதிகாரமும், குயில் துணையைக் கூவும் காதலும் இவ்வொரு வினையில் கலந்துவிட்டன. அழைத்துக்கொள், விளித்துக்கொள் என்பன இக்கலப்பைத் தாரா.

சுலாவிய மொழிகளில் இவ்வினையை ஒத்த ஒன்று வேறு வழியிற் சென்றது. அங்கே குயிலினப் பறவை கூவுதல் 'குகாத்தி'. செர்பிய மொழியில் அதே வினை மனிதர் புலம்பி அழுதலையும் குறிக்கிறது. பறவையின் பெயராகிய 'குகாவித்சா' கோழை என்னும் பொருளும் பெற்றது. உடன்பிறந்தானை இழந்து ஓயாது அழுத பெண்ணே அப்பறவையானாள் என்பது அந்நாட்டு வழக்கு. 1185ஆம் ஆண்டுப் படையெடுப்பைப் பாடும் பழைய உருசியக் காவியமாகிய 'ஈகோரின் படைச்செலவு' என்னும் நூலிலும், சிறைப்பட்ட தலைவனின் மனைவி மதில்மேல் நின்று அப்பறவையைப்போலப் புலம்பிக் காற்றையும் ஆற்றையும் ஞாயிற்றையும் விளிக்கிறாள். அங்கே பறவைக்கு வழங்கிய பழம்பெயர் 'செக்சித்சா'. பிற்கால உருசியத்தில் அது வழக்கொழிந்து, குரலைப் பின்பற்றிய 'குக்குஷ்கா' அதனிடத்தைப் பற்றியது. பறவைப் பெயரைச் செவி மீண்டும் மீண்டும் புதுப்பிக்கும் என மேலே கூறியதற்கு இஃது ஒரு சான்று. அவர்க்கு அக்குரல் இழவோசை, நமக்கு அழைப்போசை. தமிழ்க் குயிலும் பிரிந்தார்க்குத் துன்பம் தருவதே. எனினும் அது தான் அழுவதாகத் தமிழர் கொள்ளவில்லை. ஆதலால் கூவு என்பது தமிழில் அழுகைப் பொருளை ஏலாது, வரவழைத்தற் பொருளிற் சென்றது.

அவ்வழிச் சென்றதன் முடிவே 'கூப்பிடு'. கா என்பதிலிருந்து காப்பும், மூ என்பதிலிருந்து மூப்பும், யா என்பதிலிருந்து யாப்பும் தோன்றினாற்போலக் கூ என்பதிலிருந்து கூப்பு என்னும் பெயர் தோன்றி, இடு என்னும் துணைவினையோடு சேர்ந்து கூப்பிடு ஆயிற்று எனப் பிரிப்பதே பொருத்தமாகும். ஓலமிடு, குரவையிடு என்பன இதற்கு ஒப்பு. கூப்பிடு என்பதன் தொழிற்பெயர், முதனிலை நீண்டு, கூப்பீடு என வரும். அக்கூப்பீடே நில அளவையாயிற்று. ஒருவன் கூப்பிட்டால் கேட்கும் தொலைவு ஒரு கூப்பீடு; நான்கு கூப்பீடு ஒரு காதம் என்பது பழந்தமிழ்க் கணக்கு. வடமொழியில் கத்துதலைக் குறிக்கும் 'குருச்' என்னும் அடியிலிருந்து 'குரோசம்' என்னும் அளவை பிறந்தது. நான்கு குரோசம் ஓர் யோசனை என்பது பெருவழக்கு. வடநாட்டுக் 'கோசு' அதன் வழிவந்ததே. முகலாயர் நெடுஞ்சாலைகளில் நிறுத்திய கோசுத் தூண்கள் இன்றும் பல இடங்களில் நிற்கின்றன. பசுவின் குரல் கேட்கும் தொலைவைக் 'கோருதம்' என அருத்தசாத்திரம் கூறும். நான்கு என்னும் எண் இருபுறமும் ஒத்திருத்தலின், கணக்கு முறையில் ஒன்றன் சாயல் மற்றொன்றில் படிந்திருத்தல் கூடும். சொல்லோ தமிழ்ச்சொல்லே.

அளவை நூலை விட்டுப் பேச்சுவழக்கிற்கு வந்தால் இன்னும் வியப்பானதொன்று காண்கிறோம். அருகில் என்னும் பொருளில் தமிழர் 'கூப்பிடு தூரம்' என்பர். தெலுங்கர் 'கூதவேட்டு தூரம்' என்பர். கூத என்பது கூயு என்பதன் பெயர். கன்னடர் 'கூகளத்தெ தூர' என்பர். கூகு, அளத்தெ என்பன சேர்ந்தது அது. அளத்தெ என்பது அளவே. மூன்றிலும் கூ என்னும் அடியே நிற்கிறது. ஆயின் இன்று தெலுங்கில் ஒருவரை அழைப்பதற்குக் கூயு என்பது வழங்குவதில்லை. 'பிலுசு' என்பதே வழக்கு. கன்னடத்திலும் பொதுவழக்கு 'கரெ' என்பதே. அழைக்கும் வினை மாறியும் தொலைவின் பெயர் மாறாது, பழைய வினையைத் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது. மலையாளத்திலோ தொலைவின் பெயரும் மாறிவிட்டது. ஆண்டு அழைத்தலுக்கு விளி என்பதே வினையாதலின், 'விளிப்பாடகலே' என்கின்றனர். தமிழில் மட்டுமே அழைக்கும் அன்றாட வினையும் தொலைவின் பெயரும் ஒரே அடியில் ஒருங்கே நிற்கின்றன.

குரல் கேட்கும் எல்லையைத் தொலைவாகக் கொள்ளும் எண்ணம் வில்லிபுத்தூர் வட்டாரத்துச் செவிவழிச் செய்தியிலும் உண்டு. 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர், ஆண்டாள் கோயிற் பூசை முடிந்ததை மதுரையிலிருந்தே அறிந்து உண்ணும் பொருட்டு, ஓசை கேட்கும் தொலைவுக்கு ஒன்றாக வழிநெடுக மண்டபங்கள் கட்டி மணியொலியைக் கைமாற்றி வரச் செய்தார் என்பர். கூப்பீட்டால் காதத்தை அளந்த நாட்டார்க்கு இக்கதை எளிதில் தோன்றியிருக்கும்.

கன்னடத்து 'கரெ' என்பதனை மேலே குறித்தோம். அது தமிழ்க் 'கரை' என்பதன் இனம். தமிழில் காக்கை கரையும். அச்சொல்லுக்கு அழைத்தற்பொருளும் பண்டு இருந்தது. காக்கை தன் இனத்தை அழைத்து உண்ணுதலைத் திருக்குறள் சுற்றந்தழால் அதிகாரத்து 527ஆம் குறள் இவ்வினையாலேயே கூறும். தமிழில் கரை என்பது காக்கையோடு நின்றுவிட, குயிலின் கூவு மனிதர் வாய்க்கு வந்தது. கன்னடத்தில் குயிலின் வினை கூச்சலாய் நிற்க, காக்கையின் வினை விருந்தினரை அழைக்கிறது. ஒருவேளை கன்னடர் காக்கையின் பண்பைத் திருவள்ளுவரைப் போலவே மதித்தனர் போலும்! விளி என்பதனைத் தமிழ் இலக்கணிகள் எட்டாம் வேற்றுமைக்குப் பெயராக்கிக் காத்தனர். அவ்விளிமரபில், சேய்மையில் உள்ளாரை அழைக்கும்போது விளிப்பெயர்கள் அளபு மிக்கு ஒலிக்கும் என்று தொல்காப்பியர் கூறுவதைக் கூஉ என்னும் அளபெடை வடிவோடு சேர்த்து நோக்கினால், வினையின் வடிவிலேயே தொலைவு நீண்டு கிடப்பது புலனாகும்.

கூப்பிடு மேலேற, கூவு கீழிறங்கியது. இக்காலப் பேச்சில் மனிதரைக் கூவுகிறார் என்றால் மதிப்பில்லை. தெருவில் பொருளைக் கூவி விற்போர்க்கு அது தொழில். மேடையில் முழங்குவோர்க்கு அது வசை. கூச்சல், கூப்பாடு, கூக்குரல் என இக்குடும்பத்துப் பெயர்களும் பெரும்பாலும் வெறுப்பையோ துயரையோ சுமக்கின்றன. மலையாளத்தில் இவ்விறக்கம் இன்னும் மிகுதி. அவையோர் ஒருவரை இகழ்ந்து எழுப்பும் ஆரவாரமே ஆங்குக் கூவல். ஆண்டாளும் நம்மாழ்வாரும் இறைவன்மேல் ஏற்றிய வினையை இன்று அடியார் எவரும் தம் சொந்தப் பேச்சில் அவன்மேல் ஏற்றத் துணியார்.

தெலுங்கில் இவ்விறக்கம் இத்துணை நிகழவில்லை. முதற்கோழி கூவும் நேரத்தைக் கோழிகூத எனவும், புகைவண்டியின் ஊதலை ரைலு கூத எனவும் இயல்பாகவே கூறுவர். சடுகுடு ஆட்டத்தில் எதிரணிக்குள் புகுபவன் மூச்சுவிடாது ஒலிக்கும் ஒலிக்கும் அங்கே கூத என்றே பெயர். புகுபவன் கூதக்குச் செல்கிறான். தமிழ் வழக்கில் அவன் பாடிச் செல்கிறான்.